உழைப்பாளியின் உடையும் உரிமையும்

(தில்லியில் தமிழ் உறுப்பினர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பின் பொருளை அறிவித்தபோது கிளைத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கும்போது, ஏழைகள் உடுத்துவதையும் அலங்கரித்துக் கொள்வதையும் பற்றியா ஒரு வகுப்பு?" கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக என்னுடைய சொந்தத் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் தலைநகரை ஒட்டிய ஒரு பகுதியில் கட்டுமானத் தொழிலாளர் சங்கப் பணியில் இருந்தேன். ஒப்பந்தக்காரர் ஒருவர் இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைத்திருந்தார். தொழிலாளர் துறை அதிகாரியிடம் முறையிட ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தோம். அவர்களில் ஒருவர் பீகாரிலிருந்து வந்த பெயிண்டர். இருபத்திரண்டு வயதிருக்கும். காலையில் அவர் வந்து நின்ற கோலம் இன்றும் கண்ணில் இருக்கிறது. சலவை செய்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் காலணி, எண்ணெய் தடவி வாரிய தலை, சட்டைப் பையில் ஒரு கறுப்புக் கண்ணாடி. எனக்குச் சுருக்கென்றது. "இப்படி வந்தால் இரண்டு மாதமாகக் கூலி இல்லை என்று எந்த அதிகாரி நம்புவான்? போய் வேலைத் துணியோடு வாருங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "வேலைத் துணியில் நிற்கும் என்னை இந்த ஊர் தினமும் பார்க்கிறது, தோழரே. பார்த்து என்ன பயன்? இன்று பேசுவதற்காக வந்திருக்கிறேன்."

நான் விடவில்லை. அவர் திரும்பிப் போய், சுண்ணாம்பும் பெயிண்டும் அப்பிய துணியில் வந்தார். அதிகாரி அறுவரில் எவரையும் உட்காரச் சொல்லவில்லை. கேள்விகளை எல்லாம் என்னிடமே கேட்டார். அந்த இளைஞர் வாய் திறக்கவே இல்லை. பின்னர் பாக்கிக் கூலியில் பாதி கிடைத்தது. சங்கம் அதை வெற்றி என்று அறிவித்தது. அந்த இளைஞர் அதற்குப் பிறகு சங்க அலுவலகத்துப் பக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அவர் இல்லை என்பதையே கவனித்தோம்.

நான் செய்தது என்ன? ஏழை என்பவன் ஏழையாகத் தோன்ற வேண்டும் என்று கட்டளையிட்டேன். அந்தக் கட்டளைக்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. அதைப் பிறப்பித்தவர்கள் யார் என்று பார்த்தால், அவர்களுடைய வரிசையில் நானும் சில நிமிடங்கள் நின்றிருந்தேன் என்பது புரியும்.

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டோருக்குப் பிணத்தின் ஆடையையும், உடைந்த கலத்தையும், இரும்பு அணிகலனையும் விதிக்கிறது. இதைப் பழைய நூலின் பழைய வரி என்று தள்ளிவிட முடியாது. 1928ஆம் ஆண்டின் இந்தூருக்கு வாருங்கள். அந்த மாவட்டத்துக் கிராமங்களில் சாதி இந்துக்கள் பலாய் சமூகத்தினருக்கு ஒரு விதிப் பட்டியல் வெளியிட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் அந்தச் செய்தியை எடுத்துக் காட்டுகிறார். பலாய் ஆண்கள் சரிகைக் கரை போட்ட தலைப்பாகை கட்டக் கூடாது. வண்ணக் கரை வேட்டி உடுத்தக் கூடாது. பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. அழகிய பாவாடையோ ரவிக்கையோ கூடாது. நம்மில் பலர் இந்தப் பட்டியலை இத்தோடு நிறுத்திவிட்டு, 'சாதிக் கொடுமை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது மேலும் தொடர்கிறது. சாதி இந்துக்களின் வீட்டுச் சாவுச் செய்தியை எவ்வளவு தொலைவாயினும் உறவினருக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அவர்களுடைய திருமணங்களில் மேளம் வாசிக்க வேண்டும். பலாய்ப் பெண்கள் அவர்களுடைய வீடுகளில் பிரசவம் பார்க்க வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் கூலி கேட்கக் கூடாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இவற்றுக்கு உடன்படாதவர்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டும்.

வேட்டியின் கரையும் கேட்கக் கூடாத கூலியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியவர்களுக்கு அவை இரண்டும் ஒரே பொருள். பலாய் மக்கள் மறுத்தார்கள். கிணறு மறுக்கப்பட்டது, மேய்ச்சல் நிலம் மறுக்கப்பட்டது. சமஸ்தான அரசிடம் முறையிட்டும் உரிய நேரத்தில் உதவி வரவில்லை. நூற்றுக்கணக்கானோர் பெண்டு பிள்ளைகளோடு தார், தேவாஸ், போபால், குவாலியர் என்று அண்டைச் சமஸ்தானங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரு வேட்டிக் கரைக்காகவா ஊரை விட்டார்கள் என்று கேட்பவர்கள், அதே பட்டியலில் இருந்த கூலி விதியைப் படிக்காதவர்கள்.

நம் ஊர்ப்பக்கம் இப்படி இல்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை கூடாது. சட்டையோ பனியனோ கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கவோ பூச்சூடவோ கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மறு ஆண்டு பட்டியல் பதினொன்றாக நீண்டது. புதிதாகச் சேர்ந்தவற்றைப் பாருங்கள்: பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது, மிராசுதாரர்களின் நிலத்தில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைக்க வேண்டும், கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் இவை பதிவாகியிருக்கின்றன. பூச்சூடுவதைத் தடுத்த அதே கை அடுத்த ஆண்டில் வேலை நேரத்தையும் கூலியையும் எழுதியது.

இதை உடைத்தவர்களும் இரண்டையும் சேர்த்தே உடைத்தார்கள். திருவிதாங்கூரில் தோள்சீலைக்கான போராட்டம் அரை நூற்றாண்டு நீடித்தது. 1859 ஜூலையில் வந்த அரச பிரகடனம்கூட, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக் கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கியை வைத்தே அனுமதி தந்தது. அந்த மண்ணில்தான் அய்யன்காளி 1893இல் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது வயல்களில் வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவரே. 1915இல் கொல்லம் பகுதியில் நடந்த கல்மாலைப் போராட்டத்தில், அடிமை அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். பள்ளி, வேலைநிறுத்தம், வேட்டி, கல்மாலை எல்லாம் ஒரே இயக்கத்தின் செயல்கள். எது பொருளாதாரப் போராட்டம், எது பண்பாட்டுப் போராட்டம் என்று பிரித்து வைத்துக்கொண்டு அவர்கள் களத்தில் இறங்கவில்லை.

1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் கை நிறைய அணிந்திருந்த கனத்த நகைகளை விடச் சொன்னார். சேலையை மற்றப் பெண்களைப் போலப் பாதம் வரை தாழ்த்திக் கட்டச் சொன்னார். மறுநாளே பல பெண்கள் கட்டும் முறையை மாற்றிக்கொண்டார்கள். மனுஸ்மிருதியை எரித்த மாநாடு என்று நாம் நினைவில் வைத்திருக்கும் அதே மாநாடுதான் இது.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1921 செப்டம்பரில், மதுரையில் காந்தியடிகள் மேலாடையைத் துறந்தார். அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்தார். எது சரி என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும்; அவ்வளவுதான். இன்று இந்தியாவின் எந்தச் சேரிக்குப் போனாலும் நீல நிறக் கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த அம்பேத்கர் சிலை நிற்கிறது. அந்தக் கோட்டுக்கு அம்மக்கள் தரும் பொருளை அவர்களிடமே கேட்டறியுங்கள்.

இவையெல்லாம் நூறாண்டுக்கு முந்தைய கதை என்று யாரேனும் எண்ணினால், குஜராத்தைப் பாருங்கள். 2017இல் காந்திநகருக்கு அருகிலுள்ள லிம்போதராவில் மீசையை முறுக்கியதற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். மாநிலமெங்கும் இளைஞர்கள் தங்கள் வாட்ஸ்அப் முகப்பில் மீசைப் படத்தை வைத்துப் பதிலடி தந்தார்கள். 2023இல் பனாஸ்காந்தா மாவட்டத்தில், நல்ல உடை உடுத்திக் கறுப்புக் கண்ணாடி அணிந்ததற்காகத் தலித் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டதாகக் காவல்துறையில் புகார் பதிவாயிற்று. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு என் பெயிண்டரின் சட்டைப் பை நினைவுக்கு வந்தது.

இனி அரசுக்கு வருவோம். அரசு தடியெடுத்து அடிப்பதில்லை, எண்ணிப் பார்க்கிறது. 2002இல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைக் கண்டறிய ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. மதிப்பெண் கூடினால் நீங்கள் ஏழை அல்லர். அந்தப் பதின்மூன்றில் ஒன்று, வீட்டில் ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பது. இரண்டுக்கும் குறைவென்றால் சுழி. நான்கு, ஆறு என்று கூடக்கூட மதிப்பெண் ஏறும். பத்துக்கு மேலென்றால் நான்கு. ஒரு விதவைத் தாய் வீட்டுவேலை செய்யும் இடத்தில் பழைய சேலைகளை வாங்கித் தைத்துத் துவைத்து அடுக்கி வைத்திருந்தால், அவருடைய சிக்கனமே அவருக்கு எதிரான சாட்சி. கந்தலோடு நில், அப்போதுதான் அரிசி என்பது இதன் பொருள். நான் அந்த இளைஞரிடம் சொன்னதும் இதுவே. அவர்கள் அச்சிட்ட படிவத்தில் கேட்டார்கள். நான் வாயால் சொன்னேன்.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கும் இந்த நாட்டில் உண்டு. அது தொழிலாளி வர்க்கம் பெற்ற கணக்கு. 1957இல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி எதன் அடிப்படையில் அமைய வேண்டும் என்று வரையறுத்தது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு; நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். 1990களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்த்தது. பண்டிகை என்ற சொல்லைக் கவனியுங்கள். தொழிலாளிக்குப் பண்டிகை உண்டு, அதில் உடுத்த உடை உண்டு என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கூலியின் ஒரு பகுதியாக ஏற்றிருக்கிறது.

72 கஜத்தை நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 18 கஜம். ஒரு சேலை ஏறத்தாழ 6 கஜம். ஆக, ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு மூன்று சேலை. உள்பாவாடைக்கும் ரவிக்கைக்கும் படுக்கை விரிப்புக்கும் போர்வைக்கும் ஏதுமில்லை. இந்தக் கணக்கு எழுதப்பட்டு அறுபது ஆண்டுகளுக்குப் பின், கூலிச் சட்டத் தொகுப்புக்கான வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டபோது, அதில் துணியின் அளவு 66 மீட்டர் என்றிருந்தது. 72 கஜத்தை மீட்டராக மாற்றிப் பாருங்கள், 66தான் வரும். கஜம் மீட்டரானது, ஒரு முழம்கூடக் கூடவில்லை. நம்முடைய கோரிக்கை மனுக்களிலும் நாம் அந்த எண்ணைக் கேள்வி கேட்காமல் நகலெடுத்து வருகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கூலியில் மக்கள் எப்படி உடுத்துகிறார்கள்? தில்லியில் இருப்பவர்கள் ஒருமுறை விடியுமுன் ரகுபீர் நகர்ச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். குஜராத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள் பகலில் குடியிருப்புகளுக்குச் சென்று, எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குகிறார்கள். அந்தத் துணி மறுநாள் இருட்டிலேயே அங்கே மூட்டை மூட்டையாகப் பிரிகிறது. வாங்குவோர் டார்ச் விளக்கை அடித்துக் கழுத்துப் பட்டியைப் பார்க்கிறார்கள், அக்குளைப் பார்க்கிறார்கள், பொத்தானை எண்ணுகிறார்கள். அங்கிருந்து துவைத்து, தைத்து, இஸ்திரி போட்டு, வாரச் சந்தைகளுக்குப் போகிறது. தேய்ந்த காலரைப் பிரித்து உட்புறத்தை வெளியே திருப்பித் தைக்கும் தையல்காரரிடம் கேட்டிருக்கிறேன். சட்டைக்கு இன்னும் ஓராண்டு ஆயுள் கூடும் என்றார். பணக்காரன் கடையில் நுழைந்து பத்து நிமிடத்தில் செய்யும் தேர்வை ஏழை மூன்று பேருடைய உழைப்போடும் தன் கண்ணின் கூர்மையோடும் செய்கிறான். ரசனை என்பது வசதியோடு சேர்ந்தே வருவது என்று நம்புகிறவர்கள் அந்தச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

நம்முடைய வீட்டுவேலைத் தொழிலாளர்களிடம் பேசுங்கள். தெற்கு தில்லியில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் சொன்னார்: "நல்ல சேலை கட்டிக்கொண்டு போனால், 'எங்கேயோ விசேஷத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறதே' என்கிறார் அந்த அம்மா. அன்று பாத்திரம் இரண்டு மடங்கு விழும்." அவர் இப்போது பழைய சேலையில் சென்று, வேலை முடிந்ததும் பேருந்து நிறுத்தத்துக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார். தம் தெருவுக்குள் அவர் வேலைக்காரியாக நுழைவதில்லை.

மார்க்ஸ் இதை அறிந்தவர். 1852 பிப்ரவரியில் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தம் கோட்டு அடகுக் கடையில் இருப்பதால் வெளியே போக முடியவில்லை என்று குறிப்பிடுகிறார். லண்டனில் கோட்டு இல்லாத மனிதன் எந்த வாசலிலும் மதிக்கப்படமாட்டான். பதினைந்து ஆண்டுகள் கழித்து 'மூலதனம்' நூலில் மதிப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், 20 கஜம் லினன் துணியும் ஒரு கோட்டும். அது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். "நிறுவனங்களின் விளம்பர வலையில் விழுந்து, ஒரு வாரக் கூலியைக் காலணிக்குக் கொடுக்கும் இளைஞனையும் இதே கணக்கில் சேர்ப்பதா? தவணைக் கடனில் கைப்பேசி வாங்கி, வட்டி கட்ட மறுகடன் வாங்குபவனை என்ன சொல்வது?" கடன் பொறி உண்மை. நுண்கடன் முகவர்கள் வாரந்தோறும் கதவைத் தட்டும் குடியிருப்புகளில்தான் நம் தோழர்கள் பலர் வாழ்கிறார்கள். அதை எதிர்த்துப் போராட வேண்டும். வட்டியை, முகவரின் மிரட்டலை, விளம்பரத்தின் பொய்யை அம்பலப்படுத்த வேண்டும். ஆனால் நம்முடைய கோபம் பெரும்பாலும் அங்கே போவதில்லை என்பதுதான் என் வருத்தம். அது அந்த இளைஞனின் தலைமுடிச் சாயத்தின் மேல் போகிறது. 'சோற்றுக்கில்லை, இதற்கு மட்டும் பணம் இருக்கிறது' என்ற வாக்கியத்தை நில உடைமையாளர் வீட்டுத் திண்ணையிலும் கேட்டிருக்கிறேன், நம் சங்க அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் அதன் தொனி ஒன்றாகவே இருந்தது.

எளிமை நம் இயக்கத்தின் பெருமை. சுந்தரய்யாவும் ஈ.எம்.எஸ்ஸும் குடும்பச் சொத்தை இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர்கள். அந்த மரபை நாம் கைவிடக் கூடாது. ஆயினும் அது தலைவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. தலைமுறை தலைமுறையாகச் சட்டையும் செருப்பும் மறுக்கப்பட்டவர்களிடம் போய் அதையே அளவுகோலாக நீட்டினால், அவர்கள் காதில் அது பழைய பட்டியலின் பன்னிரண்டாவது விதியாகத்தான் ஒலிக்கும்.

செய்ய வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 42ஆம் பிரிவு தொழிலாளர் கைகால் கழுவ வசதியைக் கோரியது. 43ஆம் பிரிவு மாற்றுடை வைக்கவும் ஈரத்துணி உலர்த்தவும் இடம் தர விதி செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆலைக்குள் இருக்கும் மனிதனுக்கு ஆலைக்கு வெளியே வேறொரு தோற்றம் உண்டு என்பதைச் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது. நம் கோரிக்கைப் பட்டியல்களில் இது எத்தனாவது இடத்தில் இருக்கிறது? பெரும்பாலும் இருப்பதே இல்லை. கட்டுமான இடங்களில் குளிக்கத் தண்ணீர், பூட்டி வைக்க ஒரு பெட்டி, பெண்களுக்கு உடை மாற்ற ஒரு மறைவிடம் ஆகியவற்றைக் கூலி உயர்வோடு சேர்த்தே வைக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கான அடுத்த மனுவில் 66 மீட்டரை அப்படியே எழுதாமல், நம் உறுப்பினர் வீடுகளிலேயே கணக்கெடுத்து, ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு துணி வேண்டும், செருப்பு எத்தனை, சோப்பு எவ்வளவு என்று எழுதுவோம். அந்தக் கணக்கெடுப்பை எடுப்பவர்கள் 2002இன் படிவத்தோடு போனவர்களைப் போலப் போகக் கூடாது. எத்தனை இருக்கிறது என்று கேட்காமல், எத்தனை வேண்டும் என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு செய்தி. நம் வீட்டுவேலைத் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு என்ன வேண்டும் என்று பெண் தோழர்களிடம் ஒருமுறை கேட்டோம். நூலகம் என்பார்கள், ஒலிபெருக்கி என்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்கள் ஓர் ஆளுயரக் கண்ணாடி கேட்டார்கள். வேலை முடிந்து நேரே கூட்டத்துக்கு வருகிறோம், முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு உட்கார வேண்டாமா என்றார்கள். நிர்வாகக் குழுவில் சிரிப்பு எழுந்தது. இரண்டு கூட்டங்கள் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டோம். மூன்றாவதில் ஒப்புதல் தந்தோம். இப்போது அது கதவுக்குப் பக்கத்தில், லெனின் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. போன மாதம் தொழிலாளர் துறை அதிகாரியைப் பார்க்கப் புறப்பட்ட ஐந்து பெண்களும் அதன் முன் ஒருவர் பின் ஒருவராக நின்று சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. அதிகாரியிடம் அவர்களே பேசினார்கள்.